உள்ளங்கையில் ஓட்டை விழுகிறதா? வீட்டிலேயே கண்ணையும் மூளையையும் சோதித்துப் பார்க்க

எட்டாம் வகுப்பில் ஒரு நாள் அறிவியல் சார் எல்லோரையும் ரஃப் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் குழாயாகச் சுருட்டச் சொன்னார். குழாயை வலது கண்ணில் வைத்து, இடது உள்ளங்கையைக் குழாயின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் நிறுத்த வேண்டும். இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும். பத்து நொடியில் வகுப்பே கத்தியது: "சார், கையில ஓட்டை!" எனக்குக் குழாய்க்குள் கரும்பலகை தெரிந்தது, அவ்வளவுதான். கையே தெரியாதபோது ஓட்டை எங்கே தெரியும்? பக்கத்தில் இருந்தவள் "உனக்கு?" என்றாள். "ம்... பெரிய ஓட்டை" என்றேன்.

ஏன் தெரியவில்லை என்பது மூன்று வருடம் கழித்துத்தான் புரிந்தது. பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொன்னபோது, அட்டையின் உச்சியில் இருந்த பெரிய எழுத்தைத் தாண்டி ஒன்றும் பிடிபடவில்லை. பூ இல்லை, புரை இல்லை, நரம்பும் நன்றாக இருக்கிறது என்றார்கள். சின்ன வயதிலிருந்தே இடது கண்ணில் மட்டும் பவர் அதிகம். அதிலிருந்து வந்ததெல்லாம் மங்கல் படம். நல்ல படம் ஒன்று வலதிலிருந்து வந்துகொண்டிருக்கும்போது இந்த மங்கலை ஏன் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று மூளை கதவைச் சாத்திவிட்டது. சோம்பேறிக் கண் என்று இதற்குப் பெயர். யார் வைத்தார்களோ, பழியை முழுக்கக் கண்ணின் தலையில் கட்டிவிட்டார்கள்.

இப்போது 19 வருடமாக மன்னார்குடியில் ஒரு கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறேன். ஃபிரேமில் லென்ஸ் மாட்ட அரை மணி நேரம் ஆகும். அதுவரை கடையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் செல்போனைக் கேட்டு அழாமல் இருக்க, என் மேசை டிராயரில் ஒரு பொட்டு அட்டையும் சில காகிதத் துண்டுகளும் வைத்திருக்கிறேன். அந்த விளையாட்டுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை: ஸ்டிக்கர் பொட்டு, கோடு போட்ட நோட்டுத்தாள், ஸ்கேல், தீப்பெட்டி அளவுக்கு நல்ல சிவப்புக் காகிதம், பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை, குண்டூசி, இட்லித் தட்டு, செல்போன், சுவரில் மாட்டிய தினசரிக் காலண்டர். கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே செய்யுங்கள்.

பொட்டைக் காணாமல் போக்குவது

நோட்டுத்தாளில் ஏதாவது ஒரு கோட்டின் மேல், இடப்பக்கமாகப் பேனாவால் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதே கோட்டில், அங்கிருந்து 8 செ.மீ. வலப்பக்கம் தள்ளி ஒரு பொட்டு ஒட்டுங்கள். ஒரு சென்டிமீட்டர் அகலம் இருந்தால் சரியாக இருக்கும். இடது கண்ணை மூடுங்கள். வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்த்துக்கொண்டே, கை நீட்டிய தூரத்திலிருந்து தாளை மெதுவாக முகத்துக்கு அருகே கொண்டுவாருங்கள். சுமார் 30 செ.மீ., அதாவது பெரிய ஸ்கேல் ஒன்றின் நீளம் வரும்போது பொட்டு காணாமல் போகும். இன்னும் நெருங்கினால் திரும்பி வரும்.

பொட்டு மறையவில்லை என்று சொல்கிற பிள்ளைகள் எல்லோரும் பொட்டைத் திருட்டுத்தனமாகப் பார்த்தவர்கள்தான். எதிரே உட்கார்ந்து அவர்கள் கண்ணையே பாருங்கள், கருவிழி ஓடுவது தெரிந்துவிடும்.

விழித்திரையிலிருந்து சேதி கொண்டுபோகும் நரம்பு இழைகள் எல்லாம் ஓரிடத்தில் கற்றையாகச் சேர்ந்து வெளியேறுகின்றன. அந்த இடத்தில் ஒளியை உணரும் செல் ஒன்றுகூடக் கிடையாது. 1660களில் எட்மே மரியோத் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்துச் சொல்லும்வரை, இப்படி ஒரு குருட்டுப் புள்ளி தனக்கு இருப்பதே யாருக்கும் தெரியாது. புள்ளி என்று பெயர்தான். வானத்தில் பத்து முழுநிலவை வரிசையாக அடுக்கினால் எவ்வளவு அகலமோ, கிட்டத்தட்ட அவ்வளவு அகலம்.

இனிமேல்தான் விஷயம். பொட்டு மறைந்திருக்கும் அந்த நிலையிலேயே, கண்ணை நகர்த்தாமல், அந்த இடத்தில் என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். ஓட்டை தெரியாது, கறுப்பாகவும் இருக்காது. நோட்டின் கோடு நீளமாக ஓடிக்கொண்டிருக்கும். பொட்டுக்கு அடியில் கோடு இருப்பதைக் கண் பார்க்கவில்லை. அக்கம்பக்கத்தில் கோடு இருக்கிறது, நடுவிலும் இருக்கும் என்று மூளை இழுத்துவிட்டது. மஞ்சள் தாளில் செய்தால் அந்த இடம் மஞ்சளாகும். நூல் போன இடத்தில் அதே நிறத்தில் இழை எடுக்கும் டார்னிங்காரர் மாதிரி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் நரம்பியல் ஆய்வாளரான வி. எஸ். ராமச்சந்திரன் இந்த நிரப்பும் வேலையை விதவிதமாகச் சோதித்துப் பார்த்தவர்.

கட்டைவிரல் அகலம்

கையை முழுசாக நீட்டிக் கட்டைவிரலைத் தூக்குங்கள். நகத்தின் அகலம் இருக்கிறதே, எழுத்து படிக்கிற அளவுக்குத் துல்லியமாக உங்களுக்குத் தெரிவது ஏறக்குறைய அவ்வளவுதான். நம்பிக்கை இல்லையென்றால், செய்தித்தாளில் ஒரு பத்தியின் நடுவில் ஒரே ஓர் எழுத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டு, இரண்டு வரி கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கப் பாருங்கள். கண் தானாக ஓடப் பார்க்கும். விடாதீர்கள்.

பிள்ளையைச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்க வைத்து, காதுக்குப் பின்னாலிருந்து ஒரு கலர் பென்சிலை மெதுவாக முன்னால் கொண்டுவருவதும் நல்ல விளையாட்டு. ஏதோ அசைகிறது என்பது முதலில் தெரியும். என்ன நிறம் என்று சரியாகச் சொல்ல இன்னும் நிறைய முன்னால் வர வேண்டியிருக்கும். அதுவரை ஊகம்தான், பந்தயம் கட்டி ஜெயிக்கலாம்.

இவ்வளவு குறுகலான ஜன்னலை வைத்துக்கொண்டு அறை முழுதும் தெளிவாகத் தெரிவதாக ஏன் தோன்றுகிறது? கண் ஒரு நொடிக்கு மூன்று முறையாவது இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. துண்டு துண்டாக வருவதை மூளை தைத்துக்கொள்கிறது. தாவுகிற நேரத்தில் வரும் கலங்கல் படத்தை அப்படியே முழுங்கிவிடுகிறது. முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று, உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணை, மறுபடி இடது. உங்கள் கண் நகர்வதை உங்களால் பார்க்கவே முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். அதையே செல்போனின் செல்ஃபி கேமராவில் செய்தால் நகர்வது தெரியும், ஏனென்றால் திரை ஒரு துளி தாமதமாகக் காட்டுகிறது. சுவர்க் கடிகாரத்தைச் சட்டென்று திரும்பிப் பார்க்கும்போது நொடிமுள் ஒரு கணம் நின்றுவிட்டது போலத் தோன்றுவதும் இந்த வகையறாதான்.

ஒரே கறை, இரண்டு அளவு

சிவப்புக் காகிதத்தை வெள்ளைத்தாளின் நடுவில் வைத்து, நல்ல வெளிச்சத்தில் 30 நொடி அசையாமல் பாருங்கள். அப்புறம் கையில் பிடித்திருக்கும் இன்னொரு வெள்ளைத்தாளைப் பாருங்கள். நீலமும் பச்சையும் கலந்த ஒரு கட்டம் மிதக்கும். சிவப்பைப் பார்த்துக் களைத்துப்போன செல்கள் செய்யும் வேலை அது. இதுவரை பள்ளிக்கூடத்திலேயே சொல்லியிருப்பார்கள். அந்தக் கட்டம் மறைவதற்குள் எதிர்ச் சுவரைப் பாருங்கள். கட்டம் ஜன்னல் அளவுக்குப் பெரிதாகிவிடும். திரும்பத் தாளைப் பார்த்தால் சிறிதாகும்.

விழித்திரையில் களைத்த இடம் துளிகூட மாறவில்லை. தூரத்தில் இருப்பது இவ்வளவு இடத்தை அடைக்கிறது என்றால் அது பெரிய பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்று மூளை கணக்குப் போடுகிறது. எம்மெர்ட் என்பவர் 1881இல் எழுதி வைத்த விதி இது. டியூப்லைட்டையோ சூரியனையோ பார்த்து இதைச் செய்ய வேண்டாம், சிவப்புக் காகிதமே போதும்.

இட்லித் தட்டு

இது என் சொந்தச் சரக்கு. பழைய அலுமினியத் தட்டுதான் வேண்டும். எவர்சில்வர் பளபளப்பில் காரியம் கெடும். குழிப்பணியாரக் கல்லும் ஆகும். தட்டைச் சுவரில் சாய்த்து வைத்து, மேலேயிருந்து ஒரே ஒரு பல்பு வெளிச்சம் விழும்படி செய்து, நேரே நின்று போட்டோ எடுங்கள். போட்டோவில் குழிகள் குழிகளாகத் தெரியும். இப்போது போனைத் தலைகீழாகத் திருப்புங்கள் (படம் தானாகச் சுழலாமல் இருக்க ஆட்டோ ரொட்டேட்டை நிறுத்திவிட்டு). குழிகள் எல்லாம் மேடாகும். ஆறேழு இட்லி வெந்து உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

வெளிச்சம் எப்போதும் மேலேயிருந்துதான் வரும் என்று மூளை வைத்துக்கொண்டிருக்கிறது. மேல் ஓரம் இருட்டு, கீழ் ஓரம் வெளிச்சம் என்றால் குழி. மாறியிருந்தால் மேடு. வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரிந்தாலும், படம் எடுத்ததே நாம்தான் என்றாலும், கண்முன் மேடு மேடாகவேதான் இருக்கும். என் அம்மா இதைப் பார்த்துவிட்டு, "நீ ஏதோ ஆப் போட்டு மாத்திட்ட" என்று கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

சரி, ஓட்டைக்கு வருவோம்

தாள்குழாயைப் பற்றி மேலே சொன்னதுதான் செய்முறை. குழாயின் உள்வாய் நாலு விரல் அகலத்துக்கு மேல் வேண்டாம், இரண்டு விரல் போதும். கையை முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, குழாயை ஒட்டியே வையுங்கள். குழாய் வழியே தூரத்தில் எதையாவது பாருங்கள். வலது கண் கொடுக்கும் வட்டத்தையும் இடது கண் கொடுக்கும் கையையும் மூளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, கையில் ஓட்டை என்று முடிவு கட்டும். பிறகு குழாயை இடது கண்ணுக்கு மாற்றி, வலது கையை வைத்துச் செய்யுங்கள். இரண்டு முறையும் ஓட்டை விழ வேண்டும்.

இதற்குள் நடப்பது என்ன? கண்ணுக்குள் ஏறக்குறைய 10 கோடி செல்கள் ஒளியை வாங்குகின்றன. ஆனால் வெளியே போகும் நரம்பில் இழைகள் 10 லட்சத்துக்குச் சற்றுக் கூடக்குறையத்தான். ஆகவே சுருக்கி எழுதும் வேலை கண்ணிலேயே ஆரம்பித்துவிடுகிறது. இரண்டு கண்ணின் நரம்புகளும் மூளைக்கு அடியில் ஓரிடத்தில் சந்தித்து, பாதிப் பாதி இழைகளை மாற்றிக்கொள்கின்றன. இரண்டு கண்ணிலும் விழுந்த காட்சியின் வலப்பாதி மூளையின் இடப்பக்கம் போகிறது, இடப்பாதி வலப்பக்கம். கடைசியில் எல்லாம் சேருமிடம் பின்மண்டை. கண் முன்னால், பார்வை பின்னால்.

இந்தக் குறுக்குப் பாதை தெரிந்திருந்தது கடையில் ஒருமுறை கைகொடுத்தது. வயதானவர் ஒருவர், புதுக் கண்ணாடி போட்டும் வலது கண் தெரியவில்லை என்று கோபமாக வந்தார். பேப்பரைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ஒவ்வொரு வரியிலும் வலப்பக்கக் கடைசிச் சொற்களை விட்டுவிட்டுப் படித்தார். வலது கண்ணை மூடினேன், வலப்பக்கம் இல்லை. இடது கண்ணை மூடினேன், அப்போதும் அதே வலப்பக்கம்தான் இல்லை. ஒரு கண் கெட்டிருந்தால் இன்னொரு கண் ஈடு கட்டியிருக்கும். இரண்டிலும் ஒரே பக்கம் போனால் கோளாறு கண்ணைத் தாண்டி உள்ளே. மகனைக் கூப்பிட்டு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. உங்கள் வீட்டில் யாராவது திடீரென்று இப்படிச் சொன்னால் கண்ணாடிக் கடைக்கு வராதீர்கள், நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

என் விஷயத்தில் பாதை நன்றாக இருந்தது, கேட்க ஆள் இல்லை. ஹ்யூபெல், வீசெல் என்ற நரம்பியல் ஆய்வாளர்கள் இருவரும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையை மட்டும் சில காலம் மூடிவைத்துப் பார்த்தார்கள். இமையைத் திறந்த பிறகும், மூளையில் பெரும்பாலான செல்கள் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லவில்லை. இடத்தை மற்றக் கண் பிடித்துக்கொண்டுவிட்டது. 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெரிய பூனைக்கு இதே போல் மூடினால் ஒன்றும் ஆவதில்லை. குட்டியாக இருக்கும்போதுதான் இடச்சண்டை. மனிதக் குழந்தைக்கு முதல் ஏழெட்டு வயது முக்கியம். அதன் பிறகு கதவு முழுசாக அடைந்துவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. பிறவிப் புரையோடு வளர்ந்த வட இந்தியப் பிள்ளைகளுக்கு எட்டு வயதுக்கு மேல் அறுவை செய்து, அவர்கள் எப்படிப் பார்க்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்று நரம்பியல் ஆய்வாளர் பவன் சின்ஹாவின் பிரகாஷ் திட்டத்தில் கவனித்தார்கள். கையால் தடவித் தெரிந்துகொண்ட பொருளைக் கண்ணால் பார்த்து அடையாளம் சொல்ல அவர்களுக்கு முதல் நாள் முடியவில்லை. சில நாட்களில் முடிந்தது.

ஒற்றைக் கண்ணால் ஆழம் பார்ப்பது எப்படி என்று அறிய, எதிரே ஒருவரை ஒரு பேனாவைக் கிடையாகப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கை நீட்டி, இன்னொரு பேனாவின் முனையால் அதன் முனையைப் பக்கவாட்டிலிருந்து தொட வேண்டும். இரண்டு கண்ணால் செய்தால் சுலபம். ஒன்றை மூடினால் முன்னே பின்னே போகும். நான் காபி ஆற்றும்போது டம்ளரின் விளிம்பை டபராவின் விளிம்பில் இடித்து நிறுத்திவிட்டுத்தான் ஊற்றுவேன். கடையில் ஃபிரேமின் ஸ்க்ரூவைத் திருகும்போது முதலில் விரல்நுனியால் ஸ்க்ரூ இருக்கும் இடத்தைத் தொட்டுக்கொண்டு, அப்புறம்தான் திருப்புளியை இறக்குவேன். பழகிவிட்டது, யாரும் கண்டுபிடித்ததில்லை.

கடைசியாகக் காலண்டர்

மற்றதெல்லாம் விளையாட்டு, இதை மட்டும் விடாமல் செய்யுங்கள். தினசரிக் காலண்டரிலிருந்து பத்தடி தள்ளிப் பிள்ளையை நிறுத்துங்கள். பகல் வெளிச்சம் நல்லது. தேதி எண் எருமை மாடு அளவுக்கு இருக்கும், அது பிரயோஜனமில்லை. இரண்டு கண்ணும் திறந்து படிக்க முடிகிற மிகச் சிறிய வரி எது என்று பாருங்கள், நல்ல நேரமோ, கீழே இருக்கும் பொன்மொழியோ. இப்போது ஒரு கண்ணை உள்ளங்கையைக் குழித்து மூடுங்கள். விரல்களால் மூடினால் சந்து வழியாகப் பார்ப்பார்கள், அழுத்தினால் திறந்த பிறகு மங்கும். அடுத்த கண்ணுக்கு மாறும்போது தாளையும் மாற்றுங்கள். இல்லையென்றால் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். அந்த வயதில் நானாக இருந்தாலும் ஒப்பித்திருப்பேன்.

ஒரு கண்ணில் படிக்க முடிவது மறு கண்ணில் முடியவில்லையா? பத்திரிகை அட்டையில் குண்டூசியால் ஒரு மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, ஊசியைத் தூர வைத்துவிட்டு, அந்த ஓட்டை வழியாகத் தெரியாத கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். வரி தெளிந்தால் பெரும்பாலும் பவர் விஷயம், சிறு ஓட்டை கலங்கலான கதிர்களை வெட்டிவிடுகிறது. தெளியவில்லையென்றால் சோம்பேறிக் கண்ணாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். எதுவானாலும் கண் டாக்டரிடம் காட்ட வேண்டியதுதான், ஓட்டை அட்டையின் தீர்ப்போடு நிறுத்திவிடக் கூடாது.

படிக்கத் தெரியாத குழந்தையென்றால் கார்ட்டூன் ஓடும்போது ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். ஒரு கண்ணை மூடினால் சும்மா இருந்து, மறு கண்ணை மூடினால் உங்கள் கையைத் தட்டிவிட்டு அழுதால், தட்டிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. மாறுகண் இருந்தால் சோதனையே தேவையில்லை, அழைத்துப் போங்கள். அதிர்ஷ்டக் கண் என்று பாட்டிமார் சொல்வதைக் கேட்டு ஆறு வயதுவரை வைத்திருந்து கூட்டிவருகிறவர்கள் இன்றைக்கும் மாதத்துக்கு ஒருவராவது உண்டு.

நல்ல கண்ணை மூடிச் சோம்பேறிக் கண்ணுக்கு வேலை கொடுக்கும் வைத்தியம் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை வீட்டில் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். பவர் சரிபார்த்துக் கண்ணாடி போட்டு, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் மூடலாம் என்று டாக்டர் அளந்து சொல்ல வேண்டும். அளவு மீறினால் நல்ல கண் பின்வாங்க ஆரம்பிக்கும், அதே இடச்சண்டைதான்.

எங்கள் வீட்டில் ஜனவரி முதல் தேதி புதுக் காலண்டர் மாட்டுகிற அன்றைக்கு அண்ணன் பிள்ளைகள் மூவரையும் பத்தடி தள்ளி நிறுத்திவிடுவேன். சின்னவன் போன தடவை வலது கண்ணை மூடிக்கொண்டு ராகு காலத்தைப் படித்துவிட்டு, "அத்தை, இப்ப நீ படி" என்றான். இடது கண்ணால் பார்த்தேன். தேதி தெரிந்தது.